ஊழியர் மனநிலை சர்வே: திட்டமிடுவது முதல் முடிவைச் சொல்வது வரை (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

"ஒரு சர்வே எடுத்துவிடலாம்" என்று மீட்டிங்கில் முடிவாகிவிடும். அப்புறம் அந்த வேலை யாராவது ஒருவர் தலையில் விழும். பெரும்பாலும் ஹெச்ஆரில் இருப்பவர் மாட்டுவார், சிறிய நிறுவனம் என்றால் முதலாளியே செய்ய வேண்டிவரும். அப்படி மாட்டிக்கொண்டவருக்காக எழுதியது இது. வரிசையாகப் படிக்க வேண்டிய கட்டாயம் இல்லை. ஆனால் கேள்வித்தாள் எழுத உட்காரும் முன் 3, 4, 7 ஆகிய மூன்றையும் படித்துவிடுங்கள்.

1. ஊழியர் மனநிலை சர்வே என்றால் சரியாக என்ன?

வேலை, மேலாளர், சம்பளம், பணிச்சூழல், வளர்ச்சி வாய்ப்பு, நிர்வாகம் இவற்றைப் பற்றி ஊழியர்கள் என்ன நினைக்கிறார்கள் என்பதை எல்லோரிடமும் ஒரே கேள்விகளாக, ஒரே முறையில் கேட்டுத் தொகுப்பது. தனி ஒருவரின் வேலைத் திறனை இது அளக்காது. வேலையை விட்டுப் போகிறவரிடம் கடைசி நாளில் நடத்தும் பேட்டியும் வேறு. அதில் போகிறவர் ஏன் போகிறார் என்பது தெரியும், இருப்பவர்கள் எப்படி இருக்கிறார்கள் என்பது தெரியாது.

2. இது சமீபத்தில் வந்த கார்ப்பரேட் வழக்கமா?

இல்லை, நூறு வருடத்தை நெருங்கிக்கொண்டிருக்கிறது. அமெரிக்காவில் சிகாகோவை ஒட்டி இருந்த வெஸ்டர்ன் எலெக்ட்ரிக் நிறுவனத்தின் ஹாதார்ன் ஆலையில், 1928-இல் தொழிலாளர்களை உட்கார வைத்துப் பேட்டி காணத் தொடங்கினார்கள். சில ஆண்டுகளில் 20,000-க்கும் மேற்பட்ட பேட்டிகள் நடந்தன. முதலில் தயாராக வைத்திருந்த கேள்விகளைத்தான் கேட்டார்கள். தொழிலாளர்களோ கேட்டதை விட்டுவிட்டுத் தங்கள் மனதில் இருந்ததைப் பேசினார்கள். கடைசியில் பேட்டி எடுத்தவர்கள் பட்டியலை ஓரமாக வைத்துவிட்டு, அவர்கள் பேசுவதைக் கேட்கப் பழகினார்கள். 1932-இல் அமெரிக்க உளவியலாளர் ரென்சிஸ் லிக்கர்ட் மனப்பான்மையை அளக்க ஒரு எளிய அளவுகோலைக் கொடுத்தார். "முற்றிலும் உடன்படுகிறேன்" என்பதிலிருந்து "முற்றிலும் உடன்படவில்லை" வரை போகும் ஐந்து கட்டங்கள் அங்கிருந்து வந்தவைதான். அது வந்த பிறகு ஆயிரம் பேரிடம் கேட்பது மலிவான வேலையாகிவிட்டது. நாம் நினைக்காததைத் தொழிலாளி சொல்லிவிடும் வாய்ப்பும் அதோடு குறைந்துபோனது. அதனால்தான் இன்றும் கேள்வித்தாளின் கடைசியில் நாலு வரி காலி இடம் விட வேண்டியிருக்கிறது.

3. எப்போது சர்வே நடத்தக் கூடாது?

ஆள்குறைப்பு அறிவித்த கையோடு நடத்தாதீர்கள். சம்பள உயர்வுக் கடிதம் கொடுத்த வாரத்தில் வேண்டாம், ஊதியப் பேச்சுவார்த்தை நடந்துகொண்டிருக்கும்போதும் வேண்டாம். அப்போது வரும் பதில்கள் அந்த வார மனநிலையைச் சொல்லுமே தவிர வேலையைப் பற்றிச் சொல்லாது. பண்டிகை விடுமுறை, ஆண்டுக் கணக்கு முடிக்கும் மாதம் இரண்டையும் தவிர்ப்பது நல்லது.

இவற்றைவிட முக்கியமான சூழ்நிலை ஒன்று உண்டு. போன முறை எடுத்த சர்வேயின் முடிவை இன்னும் யாருக்கும் சொல்லவில்லை என்றால் புதிதாக ஒன்றைத் தொடங்கவே கூடாது. "போன தடவை எழுதினோமே, அது என்ன ஆச்சு?" என்று முதல் நாளே யாராவது கேட்பார்கள். அதற்கு உங்களிடம் பதில் இருக்க வேண்டும்.

4. நிர்வாகத்திடம் முதலில் என்ன பேசி வைத்துக்கொள்ள வேண்டும்?

இந்தப் பேச்சைத்தான் பலர் தள்ளிப்போடுகிறார்கள். கேள்வித்தாள் தயாரிப்பது சுகமான வேலை, இது சங்கடமான வேலை. ஆனால் சர்வேயின் கதி இங்கேதான் தீர்மானமாகிறது.

கேள்விகளின் வரைவை எடுத்துக்கொண்டு மேலிடத்தாரோடு உட்காருங்கள். ஒவ்வொரு கேள்வியாக வாசித்து, "இதற்குப் பாதிப் பேர் 'இல்லை' என்று எழுதினால் என்ன செய்வோம்?" என்று கேளுங்கள். "கேன்டீன் வசதி திருப்தியாக இருக்கிறதா?" என்ற கேள்விக்கு "ஒப்பந்ததாரரை மாற்றலாம்" என்று பதில் வந்தால் அந்தக் கேள்வி இருக்கட்டும். "வாரத்தில் சில நாள் வீட்டிலிருந்து வேலை செய்ய விரும்புகிறீர்களா?" என்பதற்கு "அது முடியவே முடியாது, பேச்சுக்கே இடமில்லை" என்றால் அதை அடித்துவிடுங்கள். செய்ய முடியாததைக் கேட்பது கேட்காமலே இருப்பதைவிட மோசம். கேட்ட நிமிடத்திலேயே ஊழியருக்கு ஒரு நம்பிக்கை வந்துவிடுகிறது.

"சும்மா தெரிந்து வைத்துக்கொள்ளலாமே" என்று ஒரு பதில் வரும். அதை ஏற்காதீர்கள். தெரிந்து வைத்துக்கொள்ள வேறு வழிகள் உண்டு. விடுப்புப் பதிவேடு இருக்கிறது, யார் எப்போது வேலையை விட்டார்கள் என்ற கணக்கு இருக்கிறது.

அந்தச் சந்திப்பிலேயே மூன்று விஷயங்களை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்: முடிவுகள் நல்லதோ கெட்டதோ ஊழியர்களுக்குச் சொல்லப்படும், இன்ன தேதிக்குள் சொல்லப்படும், தனி நபர் பதில்களை நிர்வாகத்தில் யாரும் கேட்க மாட்டார்கள். இமெயிலில் ஒரு வரி "சரி" என்று வந்தாலே போதும். பிற்பாடு "அந்த மூன்றாவது மாடி டீமில் யார் அப்படி எழுதினது?" என்று ஒருவர் உங்கள் மேஜைக்கு வரும்போது அந்த இமெயில்தான் உங்களுக்குத் துணை.

5. நாமே நடத்தலாமா, வெளியாளிடம் கொடுப்பதா?

கேள்வி எழுதுவது, கணக்குப் பார்ப்பது எல்லாம் நாமே செய்யக்கூடியவைதான். வெளியாளுக்குக் கொடுக்கும் பணம் பெரும்பாலும் நம்பிக்கைக்காக. பதில்கள் நிறுவனத்துக்கு வெளியே போய்ச் சேருகின்றன என்று தெரிந்தால் ஆட்கள் கொஞ்சம் தைரியமாக எழுதுவார்கள். நிர்வாகத்துக்கும் ஊழியர்களுக்கும் உரசல் இருக்கும் இடத்தில் வெளியாள் நல்லது. முப்பது நாற்பது பேர் முகம் பார்த்து வேலை செய்யும் இடத்தில் அந்தச் செலவு வீண் என்பது என் அபிப்பிராயம். அங்கே ஒருவரோடு ஒருவர் உட்கார்ந்து பேசுவதே பலன் தரும்.

6. எல்லோரிடமும் கேட்க வேண்டுமா, மாதிரிக்குச் சிலரிடம் கேட்டால் போதாதா?

கணக்குப்படி போதும். 1,000 பேரில் குலுக்கல் முறையில் 278 பேர் பதில் சொன்னால், 95% நம்பக அளவில் 5% கூடக் குறைய முடிவு வந்துவிடும். அதாவது இப்படி நூறு தடவை எடுத்தால் சுமார் 95 தடவை, எல்லோரையும் கேட்டால் வரும் சதவீதத்துக்கு 5 புள்ளிக்குள் விடை இருக்கும். 10,000 பேர் என்றாலும் 370 பேர் போதும். ஆனால் கூட்டம் சிறியதாகும்போது இந்த லாபம் கரைந்துவிடுகிறது: 200 பேரில் 132 பேர் தேவை. அதற்கு எல்லோரையுமே கேட்டுவிடலாம்.

இன்னொரு சிக்கலும் இருக்கிறது. அந்த 278 பேரைத் துறைவாரியாகப் பிரித்தால் ஒரு துறைக்குப் பத்துப் பதினைந்து பேர்தான் தேறுவார்கள். துறைத் தலைவருக்கு அதை வைத்து எதுவும் சொல்ல முடியாது. அப்புறம், கேட்கப்படாதவர் "என்னை ஏன் கேட்கவில்லை?" என்று நினைப்பதை எந்தப் புள்ளியியலும் தடுக்காது. ஆண்டுக்கு ஒரு முறை நடத்தும் பெரிய சர்வேயில் எல்லோரையும் கேளுங்கள். இடையில் எடுக்கும் சின்னச் சின்ன சர்வேக்களுக்கு மாதிரியை வைத்துக்கொள்ளலாம்.

7. "பெயர் வெளியே வராது" என்று சொல்கிறோம். உண்மையிலேயே வராதா?

இரண்டு விதம் உண்டு, இரண்டையும் குழப்பாதீர்கள். ஒன்று, யார் எழுதியது என்று யாராலும் கண்டுபிடிக்க முடியாத முறை: பெயரில்லாத தாள், பூட்டிய பெட்டி, எல்லோருக்கும் ஒரே இணைப்பு. இன்னொன்று, யார் எழுதியது என்று சர்வே நடத்துபவருக்குத் தெரியும், ஆனால் அவர் சொல்ல மாட்டார். ஆளுக்கொரு தனி இணைப்பு இமெயிலில் வருகிறது என்றால் அது இரண்டாவது வகை. அதை முதல் வகை என்று அறிவிப்பது பொய். ஊழியர்கள் இணைப்பைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவார்கள். "பதில் தராதவர்களுக்கு மட்டும்" நினைவூட்டல் போனால் சந்தேகம் உறுதியாகிவிடும்.

பெயர் இல்லாவிட்டாலும் ஆளைப் பிடிக்க வழி இருக்கிறது. துறை, வயது, பாலினம், பணிக்காலம் நான்கையும் கேட்டால், கணக்குப் பிரிவில் ஐம்பது வயதைத் தாண்டிய, இருபது வருட அனுபவமுள்ள பெண் ஒருவர்தானே இருப்பார்? அவசியம் இல்லாத விவரத்தைக் கேட்காதீர்கள். பிறகு, இத்தனை பேருக்குக் குறைவான குழுவின் முடிவைத் தனியாகக் காட்ட மாட்டோம் என்று ஒரு வரம்பு வையுங்கள். 5 பேர் என்று வைப்பவர்கள் உண்டு, 10 என்று வைப்பவர்களும் உண்டு. திறந்த கருத்துகளுக்கு, அதாவது சொந்த வார்த்தையில் எழுதுபவற்றுக்கு, 10-தான் நல்லது.

வரம்பு வைத்த பிறகும் ஒரு ஓட்டை இருக்கிறது. ஒரு துறையில் 24 பேர். பகல் ஷிஃப்டில் 21, இரவு ஷிஃப்டில் 3. எல்லோரும் பதில் சொல்லிவிட்டார்கள். "என் சூப்பர்வைசர் என்னை நியாயமாக நடத்துகிறார்" என்ற வரிக்கு (முற்றிலும் உடன்பட்டால் 5, முற்றிலும் உடன்படாவிட்டால் 1) துறைச் சராசரி 3.75, பகல் ஷிஃப்ட் சராசரி 4.0. இரவு ஷிஃப்டில் ஐந்து பேர்கூட இல்லை என்பதால் அதை மறைத்துவிட்டீர்கள். ஆனால் அறிக்கையைக் கையில் வைத்திருப்பவர் ஒரு கால்குலேட்டரை எடுத்தால் போதும்: 24 × 3.75 = 90, 21 × 4 = 84, மிச்சம் 6. மூன்று பேருக்கு 6, அதாவது ஆளுக்குச் சராசரி 2. இரவு சூப்பர்வைசருக்கு அந்த மூன்று பேரையும் நன்றாகத் தெரியும். எனவே ஒரு சிறிய குழுவை மறைக்கும்போது அதோடு சேர்ந்த மற்றொரு குழுவையும் மறைக்க வேண்டும், அல்லது அந்தப் பிரிவையே காட்டாமல் துறை மொத்தத்தோடு நிறுத்த வேண்டும்.

8. நல்ல கேள்வி எழுதுவது எப்படி?

ஒரு வரியை எடுத்துப் பார்ப்போம். இது மாதிரி வரிகள் கேள்வித்தாள்களில் சகஜம்:

"நம் நிறுவனத்தின் சிறந்த பயிற்சித் திட்டங்களும் பதவி உயர்வு முறையும் எனக்கு அடிக்கடி பயன்படாமல் இல்லை."

"சிறந்த" என்று நாமே சொல்லிவிட்டோம், பிறகு கேட்பது எதற்கு? பயிற்சி, பதவி உயர்வு என்று இரண்டைக் கேட்கிறோம். பயிற்சி பிடித்து, பதவி உயர்வு முறை பிடிக்காதவர் எங்கே டிக் அடிப்பார்? "அடிக்கடி" என்பது ஒருவருக்கு வாரம் ஒரு தடவை, இன்னொருவருக்கு வருடம் இரண்டு தடவை. "பயன்படாமல் இல்லை" என்பதில் இரண்டு எதிர்மறை. அதற்கு "உடன்படவில்லை" என்று பதில் வந்தால் மூன்றாவது எதிர்மறையும் சேர்ந்து, எழுதியவருக்கே குழப்பம்.

இப்படிப் பிரிக்கலாம்:

"கடந்த 12 மாதங்களில் எனக்குக் கிடைத்த பயிற்சி என் அன்றாட வேலைக்கு உதவியது."
"என் துறையில் பதவி உயர்வு யாருக்கு, எதனால் கிடைக்கிறது என்பது எனக்குப் புரிகிறது."

இரண்டாவது வரியைக் கவனியுங்கள். "பதவி உயர்வு முறை நியாயமானதா?" என்று கேட்டால் கிடைக்காதவர்கள் எல்லோரும் "இல்லை" என்பார்கள், நமக்குச் செய்ய ஒன்றும் இருக்காது. "புரிகிறதா?" என்று கேட்டு "இல்லை" என்று வந்தால் விதிகளை வெளியிடலாம். பதிலை வைத்து என்ன செய்வோம் என்பதிலிருந்து பின்னோக்கி வந்தால் கேள்வி தானாகக் கூர்மையாகிறது.

எல்லா வரிகளும் புகழ்ச்சியாகவே இருந்தால் சிலர் படிக்காமலே ஒரே கட்டத்தில் வரிசையாக டிக் அடித்துக்கொண்டு போவார்கள். எதற்கும் தலையாட்டும் பழக்கம் பலருக்கு உண்டு. அதற்காக அங்கங்கே ஓரிரு வரிகளை எதிர்த்திசையில் எழுதலாம்: "என் வேலை நேரத்தைத் தாண்டி இழுக்கும் அளவு வேலை எனக்குத் தரப்படுகிறது." ஆனால் "இல்லை", "முடியாது" என்று வினைச்சொல்லைத் திருப்பிப் போட்டு இதைச் செய்யாதீர்கள், படிப்பவர் தடுக்கி விழுவார். மதிப்பெண் கூட்டும்போது இந்த வரிகளைத் தலைகீழாக்க மறந்தால் கணக்கே கோணலாகிவிடும் என்பதும் நினைவில் இருக்கட்டும்.

எழுதி முடித்ததும், வெவ்வேறு வேலை செய்யும் நாலைந்து பேரிடம் கொடுத்துச் சத்தமாகப் படித்துப் பதில் சொல்லச் சொல்லுங்கள். "நிர்வாகம் என் கருத்தைக் கேட்கிறது" என்ற வரியில் "நிர்வாகம்" என்பது ஒருவருக்கு சூப்பர்வைசர், இன்னொருவருக்கு முதலாளி என்பது அப்போதுதான் வெளியே வரும்.

9. ஐந்து கட்டமா, ஏழு கட்டமா? நடுவில் "கருத்தில்லை" வேண்டுமா?

இதில் மணிக்கணக்கில் விவாதிக்கிறார்கள். ஐந்தே போதும். முக்கியம் என்னவென்றால் அடுத்த ஆண்டும் அதே ஐந்தை வைத்திருப்பது. அளவுகோலை மாற்றினால் போன ஆண்டோடு ஒப்பிடும் வழி போய்விடும்.

நடுக்கட்டத்தை எடுத்துவிட்டால் கருத்தே இல்லாதவரையும் ஒரு பக்கம் தள்ளுகிறோம். வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் "எனக்குப் பொருந்தாது" என்பதைத் தனியாக வரிசையின் ஓரத்தில் வையுங்கள். சேர்ந்து ஒரு மாதமே ஆனவர் பதவி உயர்வைப் பற்றி 3 போடுவதும், பத்து வருடம் இருந்தவர் யோசித்து 3 போடுவதும் ஒன்றல்ல.

10. எத்தனை கேள்விகள்?

பத்துப் பதினைந்து நிமிடத்தில் முடிய வேண்டும். கட்டத்தில் டிக் அடிக்கும் கேள்விகள் என்றால் நாற்பது வரை போகலாம், அதற்கு மேல் போனால் கடைசிப் பக்கத்தை யாரும் யோசித்து நிரப்ப மாட்டார்கள். ஒவ்வொரு துறைத் தலைவரும் "என் பங்குக்கு ரெண்டு கேள்வி" என்று நுழைப்பார். நான்காம் கேள்வியில் சொன்ன சோதனையை அவர்களுக்கும் வையுங்கள்.

11. தயாராகக் கிடைக்கும் கேள்வித்தாளைப் பயன்படுத்தலாமா?

பயன்படுத்தலாம். 1967-இல் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் உருவான திருப்திக் கேள்வித்தாள் இருக்கிறது. முழு வடிவில் 100 வரிகள், சுருக்கத்தில் 20. 1969-இல் வெளியான வேலை விவரக் குறியீடு வேலை, சம்பளம், பதவி உயர்வு, மேற்பார்வை, சக ஊழியர்கள் என்று ஐந்து பக்கங்களைத் தனித்தனியாக அளக்கிறது. கருத்துக் கணிப்பு நடத்தும் காலப் நிறுவனத்தின் 12 கேள்விகள் பரவலாகத் தெரிந்தவை. இவை பலமுறை சோதிக்கப்பட்டவை, அந்த லாபம் நாம் எழுதும் கேள்விகளுக்குக் கிடையாது. ஆனால் பதிப்புரிமை உள்ளவற்றை இணையத்தில் பார்த்து அப்படியே எடுத்துப் போட முடியாது, அனுமதி நிபந்தனைகளைப் படியுங்கள். அதோடு, உங்கள் இடத்துக்கே உரிய தலைவலியைத் தயார் கேள்வித்தாள் கேட்காது. பாதி தயாரானது, பாதி சொந்தம் என்பது நல்ல கலவை.

12. "இங்கே வேலைக்குச் சேர நண்பருக்குச் சொல்வீர்களா?" என்ற ஒரே கேள்வி போதும் என்கிறார்களே?

2003-இல் வாடிக்கையாளர்களுக்காக வந்த முறை அது, பிறகு ஊழியர்களிடமும் கேட்க ஆரம்பித்தார்கள். 0 முதல் 10 வரை மதிப்பெண். 9, 10 போட்டவர்களின் சதவீதத்திலிருந்து 0 முதல் 6 வரை போட்டவர்களின் சதவீதத்தைக் கழிக்க வேண்டும். 7, 8 போட்டவர்கள் கணக்கில் வர மாட்டார்கள்.

நூறு பேரும் 7 அல்லது 8 போட்டிருந்தால் விடை 0. ஐம்பது பேர் 10, ஐம்பது பேர் 2 போட்டிருந்தாலும் விடை 0. முதல் இடம் அமைதியாக ஓடிக்கொண்டிருக்கிறது, இரண்டாவது இடம் இரண்டாகப் பிளந்து கிடக்கிறது. மேலிடத்துக்குக் காட்ட ஒற்றை எண் வசதிதான். அதை மட்டும் வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று தீர்மானிக்க முடியாது.

13. திறந்த கேள்விகளில் வரும் கருத்துகளை என்ன செய்வது?

எல்லாவற்றையும் படியுங்கள். ஒருவர் மட்டும் படிக்காமல் இரண்டு பேர் தனித்தனியாகப் படித்து வகை பிரித்துப் பிறகு ஒப்பிட்டால், பிடித்ததை மட்டும் பொறுக்குவது குறையும். எத்தனை கருத்துகள் எதைப் பற்றி வந்தன என்ற எண்ணிக்கையைக் கொடுங்கள். மேற்கோளாகக் காட்டும்போது பெயர், சம்பவம், தேதி, பேச்சு வழக்கு எல்லாவற்றையும் நீக்க வேண்டும். எப்போதும் "அட்லீஸ்ட்" போட்டு எழுதுகிறவரை அந்த ஒரு சொல்லே காட்டிக்கொடுத்துவிடும்.

பாலியல் தொல்லை, பாதுகாப்பு மீறல், மிரட்டல் பற்றி யாராவது எழுதினால் அதைச் சராசரியில் கரைக்கக் கூடாது. எழுதியவர் யார் என்று தோண்டவும் கூடாது. அதற்கான முறையான புகார் வழி எது என்பதைக் கேள்வித்தாளின் முதல் பக்கத்திலேயே அச்சிடுங்கள். அப்படியும் வந்தால் யாரிடம் போக வேண்டும், எவ்வளவு சீக்கிரம் போக வேண்டும் என்பதைத் தொடங்கும் முன்பே முடிவு செய்து வையுங்கள்.

14. கம்ப்யூட்டர் முன்னால் உட்காராதவர்களிடம் எப்படிக் கேட்பது?

டிரைவர், மெஷின் ஆபரேட்டர், துப்புரவுப் பணியாளர், இரவுக் காவலர் இவர்களை விட்டுவிட்டு "ஊழியர்களின் கருத்து" என்று அறிக்கை போடும் இடங்கள் நிறைய. காகிதத்தில் கொடுங்கள், அவரவர் தாய்மொழியில் கொடுங்கள். ஒருவர் மொழிபெயர்த்ததை, மூலத்தைப் பார்க்காத இன்னொருவர் திரும்ப மொழிபெயர்த்துப் பார்த்தால் எங்கே பொருள் மாறியது என்று தெரிந்துவிடும். வேலை நேரத்திலேயே பதினைந்து நிமிடம் ஒதுக்குங்கள். ஓய்வு நேரத்தைத் தின்னும் சர்வேக்கு வேண்டாவெறுப்பான பதில்தான் வரும். நிரப்பிய தாளை சூப்பர்வைசர் கையில் கொடுக்கச் சொல்லாதீர்கள், பூட்டிய பெட்டி வையுங்கள். எழுதப் படிக்கச் சிரமப்படுபவருக்கு வாசித்துக் காட்ட வேறு துறையிலிருந்து ஒருவர் வரட்டும்.

15. எத்தனை நாள் திறந்து வைப்பது? பரிசு கொடுக்கலாமா?

இரண்டு வாரம். எல்லா ஷிஃப்டும் ஒரு சுற்று வந்துவிடும், விடுப்பில் இருப்பவர்களும் திரும்பிவிடுவார்கள். நடுவில் ஒரு நினைவூட்டல், கடைசிக்கு முந்தின நாள் ஒன்று. குலுக்கல் பரிசு வேண்டாம். பரிசு கொடுக்கப் பெயர் வேண்டும், பெயர் வாங்கினால் ஏழாம் கேள்வியில் சொன்னது எல்லாம் வீண்.

16. எத்தனை சதவீதம் பேர் பதில் தந்தால் நம்பலாம்?

ஒரு மந்திர எண் இல்லை. யார் பதில் தரவில்லை என்பதுதான் விஷயம். 200 பேரில் 120 பேர் எழுதி, அதில் 84 பேர் திருப்தி என்றால் "70% திருப்தி" என்று ஸ்லைடு போடுவார்கள். மிச்சம் 80 பேர்? அவர்கள் எல்லாத் துறையிலும் சிதறி இருந்தால் பெரிய கவலை இல்லை. பாதிப் பேர் ஒரே ஷிஃப்டில் இருந்தால் அந்த 70%-ஐ யாரிடமும் காட்டாதீர்கள். எழுதாமல் விட்டதும் ஒரு பதில்தான். அந்த ஷிஃப்டில் பெட்டி எங்கே வைத்திருந்தது, சூப்பர்வைசர் என்ன சொன்னார் என்று விசாரித்தாலே பாதி விஷயம் தெரிந்துவிடும்.

17. எண்களை எப்படிப் படிப்பது?

சராசரியை மட்டும் பார்க்காதீர்கள். பத்துப் பேரும் 3 போட்ட குழுவுக்கும், ஐந்து பேர் 1, ஐந்து பேர் 5 போட்ட குழுவுக்கும் சராசரி 3-தான். ஒவ்வொரு கட்டத்திலும் எத்தனை பேர் என்று பாருங்கள்.

சிறிய குழுவின் ஏற்ற இறக்கத்துக்குக் கதை கட்டாதீர்கள். எட்டுப் பேர் குழுவில் போன வருடம் 6 பேர் திருப்தி, இந்த வருடம் 5 பேர். சதவீதத்தில் 75-லிருந்து 62.5-க்கு விழுந்துவிட்டது, சிவப்பு அம்புக்குறி வந்துவிட்டது, மேலாளரைக் கூப்பிட்டு விசாரணை நடக்கிறது. மாறியது ஒரே ஒரு ஆள். அவருக்கு அன்று காலை பஸ் தாமதமாகியிருக்கலாம்.

மிகக் குறைந்த மதிப்பெண் வாங்கியதுதான் மிக அவசரமானது என்றும் இல்லை. பார்க்கிங் வசதிக்கு எல்லோரும் குறைவாகப் போட்டிருப்பார்கள், ஆனால் அதற்காக யாரும் வேலையை விடுவதில்லை. "இன்னும் ஒரு வருடம் இங்கே இருப்பேன்" என்பது போன்ற ஒரு பொதுக் கேள்வியை வைத்து, எந்த வரிக்கு வரும் பதில் அதோடு சேர்ந்து ஏறி இறங்குகிறது என்று பாருங்கள். அதுவே காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது, ஆனால் எங்கே தோண்ட வேண்டும் என்று காட்டும்.

18. சம்பளத்துக்கு எப்போதும் குறைந்த மதிப்பெண்தான் வருகிறது. கேட்காமலே விட்டுவிடலாமா?

விட்டால் "அதை மட்டும் கேட்க மாட்டார்கள்" என்ற பேச்சு வரும். கேளுங்கள், ஆனால் பிரித்துக் கேளுங்கள்: தொகை, அது தீர்மானிக்கப்படும் முறை, சம்பளச் சீட்டு புரிகிறதா, ஓவர்டைம் சரியாக வருகிறதா. தொகையை மாற்ற முடியாத நிர்வாகம்கூட மற்ற மூன்றைச் சரிசெய்ய முடியும்.

1959-இல் அமெரிக்க உளவியலாளர் ஃப்ரெடரிக் ஹெர்ஸ்பெர்க், சுமார் 200 இன்ஜினியர்களிடமும் கணக்காளர்களிடமும் பேசிவிட்டு ஒன்றைச் சொன்னார். சம்பளம், மேற்பார்வை, பணிச்சூழல் போன்றவை சரியில்லை என்றால் அதிருப்தி வரும், அவை சரியாக இருப்பதாலேயே ஊக்கம் வந்துவிடாது, அதற்குச் சாதனை, அங்கீகாரம், வேலையின் தன்மை வேண்டும் என்றார். பிற்பாடு அந்த ஆய்வு முறை நிறைய விமர்சனம் வாங்கியது. "அங்கீகாரம் கொடுத்தால் போதும், சம்பளம் முக்கியமில்லை" என்று அதை வளைத்துப் பேசும் மேலாளர்களைப் பார்த்தால் எச்சரிக்கையாக இருங்கள். அவர் அப்படிச் சொல்லவில்லை.

19. முடிவை யாருக்கு, எப்போது, எப்படிச் சொல்வது?

சர்வே முடிந்து ஒரு மாதத்துக்குள். முழு அலசல் தயாராகாவிட்டாலும் பரவாயில்லை: இத்தனை பேர் எழுதினார்கள், இந்த மூன்று நன்றாக இருக்கிறது, இந்த மூன்று மோசமாக இருக்கிறது என்று ஒரு பக்கம் போதும். மோசமானதை மழுப்பாதீர்கள். எழுதியவர்களுக்குத் தாங்கள் என்ன எழுதினோம் என்று தெரியும்.

பிறகு குழுவாரியாக உட்கார்ந்து பேசுங்கள். இங்கே மேலாளரின் நடத்தைதான் எல்லாம். "இதுல என்ன பிரச்சினைன்னு எனக்குப் புரியலை, யாராவது சொல்லுங்களேன்" என்று அவர் கேட்கும் தொனியிலேயே அறை உறைந்துபோகலாம். எண்களை விளக்கச் சொல்லிக் கேட்டால் ஆள் பிடிப்பது போல் ஆகிவிடும். "இந்த வரியில் 4 வர வேண்டுமென்றால் என்ன மாற வேண்டும்?" என்று கேட்கச் சொல்லுங்கள். யார் எழுதியது என்ற பேச்சே எழாது. குறைந்த மதிப்பெண் வாங்கிய மேலாளருக்கு அவருடைய முடிவை முன்கூட்டியே தனியாகக் காட்டிவிடுங்கள். பத்துப் பேர் நடுவில் முதல் தடவையாகப் பார்த்தால் எவருக்கும் முகம் சுருங்கும்.

20. அப்புறம் என்ன செய்வது?

இரண்டு அல்லது மூன்று விஷயங்களை எடுங்கள், அதற்கு மேல் வேண்டாம். ஒன்றாவது சீக்கிரம் கண்ணுக்குத் தெரியும்படி முடியக்கூடியதாக இருக்கட்டும். ஒவ்வொன்றுக்கும் பொறுப்பாளர் பெயர், தேதி. செய்ய முடியாததையும் பட்டியலிட்டு ஏன் முடியாது என்று ஒரு வரி எழுதுங்கள். "ஷிஃப்ட் நேரத்தை இந்த ஆண்டு மாற்ற முடியாது, மெஷினை நிறுத்தினால் மீண்டும் சூடேற்ற ஆறு மணி நேரம் ஆகும்" என்றால் பிடிக்காவிட்டாலும் புரிந்துகொள்வார்கள். பதிலே இல்லாததுதான் எரிச்சல்.

ஒரு விஷயம் முடிந்ததும் "நீங்கள் சர்வேயில் சொன்னதால் இது நடந்தது" என்று வெளிப்படையாகச் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் யாரும் இரண்டையும் முடிச்சுப் போட்டுப் பார்க்க மாட்டார்கள்.

21. எத்தனை மாதத்துக்கு ஒரு முறை?

போன முறை சொன்னதைச் செய்து முடிக்க எவ்வளவு காலம் ஆகுமோ அவ்வளவு. பெரிய சர்வேக்கு ஓர் ஆண்டு, பல இடங்களில் இரண்டு ஆண்டு. மாதம் ஐந்து கேள்வி கேட்கும் குறுஞ்சர்வே நாகரிகமாகிவிட்டது. மாதா மாதம் ஏதாவது செய்யும் ஆள்பலம் இருந்தால் நல்லதுதான்.

22. மேலாளரின் போனஸை சர்வே மதிப்பெண்ணோடு சேர்க்கலாமா?

வேண்டாம். சேர்த்த மறு வருடமே "எல்லாரும் கொஞ்சம் பார்த்துப் போடுங்கப்பா" என்று சர்வே வாரத்தில் டீயும் சமோசாவும் வரும். மதிப்பெண் ஏறும், நிலைமை அப்படியே இருக்கும். முடிவு வந்த பின் குழுவோடு உட்கார்ந்து பேசினாரா, ஒப்புக்கொண்டதைச் செய்தாரா என்பதை அளந்து போனஸில் சேர்த்தால் அதில் நியாயம் இருக்கிறது.

23. பழைய பதில்களை எவ்வளவு நாள் வைத்திருப்பது?

அடுத்த சர்வேயோடு ஒப்பிடத் தொகுத்த எண்கள் போதும், அவற்றை எவ்வளவு காலம் வேண்டுமானாலும் வைத்திருக்கலாம். தனி நபர் பதில்கள், கையெழுத்துத் தாள்கள், இமெயில் முகவரியோடு இணைந்த கோப்புகள் ஆகியவற்றை எந்தத் தேதியில் அழிப்போம் என்று சர்வே அறிவிப்பிலேயே சொல்லிவிட்டு அந்தத் தேதியில் அழித்துவிடுங்கள். உங்கள் நாட்டின் தனிநபர் தரவுச் சட்டம் இதற்கு ஏதாவது வரம்பு வைத்திருக்கிறதா என்று சட்டம் தெரிந்தவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். அழித்ததும் அறிவிப்புப் பலகையில் ஒரு வரி எழுதிப் போடுங்கள்.